இறுகிய நட்டு இளகுவது எப்படி?

அறிவு சற்றுப் பிசகியவனை ‘மரை கழன்றவன்’ என்று கேலி செய்வது நம் வழக்கம். மரை கழலுவது அவ்வளவு எளிது என்று எண்ணித்தான் இச்சொல்லை உண்டாக்கினார்கள் போலும்! மழைக்காலம் முழுவதும் வாசலில் நின்ற பழைய காரின் சக்கரத்தைக் கழற்ற முயன்ற எவரும் அப்படி எண்ணமாட்டார்கள்.

எனக்கு இது ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் விளங்கிற்று. மறுநாள் காலை என் தந்தையாரைக் கண் அறுவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காரின் முன் சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினேன். தம்பியை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னேன். நான்கு நட்டுகளில் மூன்று கழன்றன. நான்காவது அசையவில்லை. இயற்பியல் கற்பிப்பவன் அல்லவா? ‘நெம்புகோலின் கை நீண்டால் விசை பெருகும்’ என்று ஸ்பானரின் பிடியில் ஒரு மீட்டர் நீளத் தண்ணீர்க் குழாயைச் செருகி, முழுப் பலத்தோடு இழுத்தேன். நட்டு திரும்பவில்லை, கார் திரும்பியது. பக்கவாட்டில் அசைந்து, ஜாக்கியிலிருந்து நழுவி, தடாலென்று இறங்கிற்று. அந்த நான்காவது நட்டு பிடிவாதமாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் வண்டி சக்கரத்தின் மேலேயே நின்றது. அதுவும் கழன்று சக்கரம் வெளியே வந்திருந்தால், வண்டியின் அடியில் இருந்திருக்கக் கூடியது என் வலது கால்.

தெருமுனைப் பட்டறையிலிருந்து ஒரு முதிய மெக்கானிக் வந்தார். “வண்டி தரையில நிக்கும்போதே நட்டை இளக்கிக்கணும் சார். தூக்கினப்புறம் மல்லுக்கட்டக் கூடாது” என்று மட்டும் சொன்னார். கழற்றிய மூன்று நட்டுகளையும் மறுபடி பூட்டினார். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். எண்ணெய் சில சொட்டு விட்டார். சுத்தியலால் நட்டைச் சுற்றிலும் தட்டினார். தேநீர் குடித்தார். மறுபடி எண்ணெய்; மறுபடி தட்டல். பிறகு, நான் வியக்கும்படி, நட்டை இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்ப முயன்றார்! அதன்பின் எதிர்ப்பக்கம் ஓர் இழுப்பு. ‘டக்’ என்ற ஒலி. நட்டு கழன்றது. எல்லாம் அரை மணி நேரந்தான்.

அவர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் நாம் வகுப்பில் படிக்கும் ஒரு விதி இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சுருட்டி வைத்த சாய்தளம்

ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, ஒரு பென்சிலின் மேல் சுற்றிப் பாருங்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றி ஏறும் திருகு வரையாகத் தெரியும். போல்ட்டின் மரை என்பது இதுதான்: ஓர் உருளையின்மேல் சுருட்டி வைத்த சாய்தளம். நட்டைத் திருகும்போது நாம் ஒரு சுமையை அந்தச் சரிவில் மேலே தள்ளுகிறோம்.

இந்தச் சரிவு எவ்வளவு? சக்கரத்திற்குப் பயன்படும் போல்ட்டு ஒன்றின் விட்டம் 12 மி.மீ., புரியிடைத் தூரம் 1.25 மி.மீ. என்று கொள்வோம். மரையின் சராசரி விட்டம் சுமார் 11.2 மி.மீ.; எனவே சுற்றளவு ஏறத்தாழ 35 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு 35 மி.மீ. நடந்து 1.25 மி.மீ. மட்டுமே ஏறுகிறோம். இது வெறும் 2 பாகைச் சரிவு.

ஒரு பலகையின்மேல் பெட்டியை வைத்துப் பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்த்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் பெட்டி வழுக்கத் தொடங்கும். அது உராய்வுக் கோணம். எஃகின்மேல் எஃகு நகரும்போது உராய்வுக் குணகத்தை 0.15 எனக் கொண்டால், இக்கோணம் எட்டரைப் பாகை. மரையின் சரிவோ 2 பாகை. ஆகவே நட்டு தானாகச் சறுக்கிக் கழன்றுவிட வழியில்லை. உராய்வு என்ற ஒன்று இல்லாதிருந்தால், உலகில் பூட்டிய நட்டு ஒன்றுகூட பூட்டியபடி நிற்காது!

இந்தப் பாதுகாப்புக்கு நாம் விலையும் கொடுக்கிறோம். நட்டை இறுக்க 100 பங்கு திருப்புத்திறன் செலவிட்டால், ஏறத்தாழ 50 பங்கு நட்டின் அடிப்பரப்பில் உள்ள உராய்வுக்குப் போகிறது. 40 பங்கு மரையின் உராய்வுக்குப் போகிறது. எஞ்சிய 10 பங்குதான் போல்ட்டை இழுத்து நீட்டும் பயனுள்ள வேலையைச் செய்கிறது. அந்தப் பத்துப் பங்கே போதும். 100 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனால் இறுக்கிய நம் 12 மி.மீ. போல்ட்டில் உண்டாகும் இழுவிசை ஏறத்தாழ 4,300 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒரு சிறு காரின் எடை சுமார் ஒரு டன் என்றால், ஒரே ஒரு போல்ட்டு நான்கு கார்களின் எடையைத் தாங்கும் விறைப்பில் நிற்கிறது!

கழற்றும்போது என்ன ஆகிறது? நீட்டப்பட்ட போல்ட்டு சுருங்க விரும்புவதால் அந்த 10 பங்கு நமக்கு உதவி செய்கிறது. 50, 40 ஆகிய இரண்டையும் கூட்டி 10-ஐக் கழித்தால் 80. அதாவது, புதிதாக இறுக்கிய நட்டைக் கழற்ற, இறுக்கியதைவிடக் குறைந்த திருப்புத்திறனே போதும். அப்படியானால் பழைய நட்டு மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

துரு செய்யும் வேலை

நட்டின் மரையும் போல்ட்டின் மரையும் முழுதும் ஒட்டிப் பொருந்துவதில்லை. அவை எளிதாகத் திரும்புவதற்காக ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கோ, அதற்கும் குறைவாகவோ இடைவெளி விட்டே செய்யப்படுகின்றன. இந்த நுண்ணிய இடுக்கில் மழைநீர் நுண்புழை ஏற்றத்தால் புகுந்து தங்குகிறது. வெயில் எளிதில் அதை உலர்த்துவதில்லை.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பது நீங்கள் அறிந்ததே. அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துரு, தான் எந்த இரும்பிலிருந்து தோன்றியதோ அந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். வெட்ட வெளியில் உண்டாகும் துரு பொருக்காக உதிர்ந்துவிடும். மரையின் இடுக்கில் உண்டாகும் துருவுக்கு உதிர இடம் ஏது? அது இருபுறமும் நெருக்கி, ஆப்பு வைத்தாற்போல் மரைகளை இறுக்குகிறது. துருவின் கரடுமுரடான துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் உராய்வும் பெருகுகிறது. 80 பங்கு போதும் என்று கண்டோமே, அது இப்போது 150 ஆகலாம், 200-ம் ஆகலாம்.

கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை மிகுதி. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருவேறும் மின்வேதி வினை விரைவுபடுகிறது. அலுமினிய உறுப்பில் எஃகு போல்ட்டு இறங்கியிருந்தாலோ, இரு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலமே அமைந்துவிடும்! அங்கே அரிக்கப்படுவது அலுமினியம். அதன் வெண்ணிற ஆக்சைடும் துருவைப் போலவே இடுக்கை அடைத்து இறுக்கும்.

எண்ணெய் எப்படி ஊறுகிறது?

நீர் எந்த வழியாக நுழைந்து கேடு செய்ததோ, அதே வழியாக எண்ணெயை அனுப்பித்தான் நிவாரணம் தேட வேண்டும். நுண்புழை ஏற்றத்திற்குப் புவியீர்ப்பின் உதவி வேண்டியதில்லை. ஆகவே நட்டு பக்கவாட்டில் இருந்தாலும், தலைகீழாக இருந்தாலும் எண்ணெய் உள்ளே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா?

ஆனால் எந்த எண்ணெய்? பலரும் கைக்குக் கிடைத்த என்ஜின் எண்ணெயை ஊற்றிவிட்டு, ‘ஒன்றும் பயனில்லை’ என்று சலித்துக்கொள்வார்கள். நுண்புழையில் ஒரு நீர்மம் நுழையும் வேகத்தை 1921-இல் வாஷ்பர்ன் என்ற அறிஞர் ஒரு சமன்பாட்டில் வடித்தார். அதன்படி, குறிப்பிட்ட ஆழத்திற்கு ஊறப் பிடிக்கும் நேரம் நீர்மத்தின் பாகுநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கெட்டியான என்ஜின் எண்ணெயின் பாகுநிலை, அறை வெப்பநிலையில் மண்ணெண்ணெயினுடையதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. மண்ணெண்ணெய் ஐந்து நிமிடத்தில் எட்டும் இடத்தை என்ஜின் எண்ணெய் எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் போன்ற நீர்த்த எண்ணெய்களை மெக்கானிக்குகள் விரும்புவதன் காரணம் இதுவே.

கடைகளில் கிடைக்கும் தெளிப்பு எண்ணெய்களும் நீர்த்த ஊடுருவும் நீர்மங்களே. இவற்றுள் பெயர் பெற்ற டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் காக்கவே அது முதலில் பயன்பட்டது. ‘நீரை விரட்டும் நாற்பதாவது கலவை’ என்பதே அப்பெயரின் பொருள். முப்பத்தொன்பது முறை முயன்று நாற்பதாம் முறை வென்றார்கள்!

வாஷ்பர்னின் சமன்பாடு இன்னொரு பாடமும் சொல்கிறது. ஊறும் நேரம், ஆழத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 5 மி.மீ. ஆழம் ஊறப் பத்து நிமிடம் ஆனால், 10 மி.மீ. ஊற இருபது நிமிடம் போதாது. நாற்பது நிமிடம் ஆகும். துரு அடைத்த இடுக்கில் இன்னும் தாமதமாகும். எண்ணெய் விட்ட உடனே ஸ்பானரை மாட்டுபவர் எண்ணெயை வீணாக்குகிறார். வேலை நாளைக்கு என்றால் இன்று மாலையே எண்ணெய் விட்டுவையுங்கள். சக்கரத்தில் விடும்போது பிரேக் தட்டின்மேல் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பிரேக் பிடிக்காது.

அடி மேல் அடி

‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது பழமொழி. இதன் இயற்பியலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ எடையுள்ள சுத்தியல் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நட்டின்மேல் படுகிறது. அதன் உந்தம் 2 நியூட்டன்-வினாடி. எஃகின்மேல் எஃகு மோதுவதால் சுத்தியல் ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கொண்டால், சராசரி விசை 4,000 நியூட்டன். ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை! கையால் அழுத்தி நாம் ஒருபோதும் தர முடியாத விசை இது.

எஃகு மீள்தன்மை உடையது. அடியைத் தாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும். துரு நொறுங்கும் தன்மை உடையது. ஓட்டுச் சில்லைப்போல் அதில் வெடிப்புகள் உண்டாகும். அந்த வெடிப்புகளே எண்ணெய் புகுவதற்குப் புதிய நுண்புழைகளாகின்றன. தட்டுவதும் எண்ணெய் விடுவதும் மாறி மாறி நடந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

நட்டின் பட்டையான பக்கங்களில் நேராகத் தட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கனமான இன்னொரு சுத்தியலை அணைத்துப் பிடித்தால் அடி முழுவதும் நட்டுக்கே சேரும். போல்ட்டின் நுனியில் தட்டாதீர்கள். மரை நசுங்கி, நட்டு வெளியே வரும் வழி அடைபட்டுவிடும். துருச் சிம்பு கண்ணில் தெறிக்கலாம். கண்ணாடி அணியாமல் தட்டலாகாது.

இறுக்கும் பக்கமாகத் திருப்ப முயன்றது ஏன்? துருவின் பிடி முறிய வேண்டும் என்பதே முதல் நோக்கம். அது எந்தப் பக்கமாக முறிந்தாலும் சரியே. முன்னுக்கு அரை நூல், பின்னுக்கு அரை நூல் என்று அசைத்தால் துரு பொடியாகும். ஓய்வில் உள்ள பரப்புகளைப் பெயர்க்க மிகுந்த விசையும், பெயர்ந்த பின் நகர்த்தக் குறைந்த விசையும் வேண்டும் என்பது நீங்கள் படித்த பாடம். பரப்புகள் நெடுநேரம் ஓய்ந்து கிடந்தால் அந்தத் தொடக்க உராய்வு மேலும் வளர்வதைக் கூலும் 1780-களிலேயே கண்டறிந்தார். ‘டக்’ என்ற ஒலி கேட்டதும் உடனே சுழற்றிவிடாமல், மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள். இல்லாவிடில் பொடியான துருவே மரையில் சிக்கி மீண்டும் இறுக்கிவிடும்.

சூடு காட்டலாமா?

மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள். பட்டாவை நெருப்பில் காய்ச்சி, மரச் சக்கரத்தின்மேல் பொருத்தி, தண்ணீர் ஊற்றுவார்கள். காய்ச்சினால் வளையம் பெரிதாகும்; குளிர்ந்தால் இறுகும். நட்டும் ஒரு வளையமே. நட்டைச் சூடாக்கினால் உள்ளே உள்ள துளை சிறிதாகும் என்று மாணவர் பலர் எழுதுகின்றனர். அது தவறு, துளையும் உலோகத்தோடு சேர்ந்து விரிகிறது.

எஃகின் நீள் விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்கு 0.000012. நட்டு, போல்ட்டைவிட 200 பாகை மிகுதியாகச் சூடேறினால், 12 மி.மீ. துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ பாதி! துருவின் பிடியைத் தளர்த்த இது போதும். ஆனால் போல்ட்டும் அதே அளவு சூடேறினால் இரண்டும் ஒருங்கே விரிந்துவிடும், பயன் குறையும். நட்டை மட்டும் விரைந்து சூடாக்குவதே இதன் நுட்பம்.

பட்டறையில் பழகிய கை செய்யும் வேலை இது. வீட்டுக் காரில் சுடரைக் காட்டாதீர்கள். பெட்ரோல் குழாயும், பிரேக்கின் ரப்பர் உறுப்புகளும் அருகிலேயே உள்ளன. நீங்கள் தெளித்த எண்ணெயே தீப்பற்றும். சக்கரத்தைச் சூடாக்கினால் டயர் வெடித்து உயிர்ச்சேதம் நேரலாம்.

நீண்ட குழாயின் ஆபத்து

25 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 400 நியூட்டன் விசை தந்தால் திருப்புத்திறன் 100 நியூட்டன்-மீட்டர். ஒரு மீட்டர் குழாயைச் செருகி அதே விசையைத் தந்தால் 400. கணக்கு சரிதான், ஆனால் அந்த 400-ஐத் தாங்க வேண்டியது யார்? போல்ட்டின் தண்டு. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 12 மி.மீ. போல்ட்டு ஒன்று ஏறத்தாழ 130 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் முறியும் என்று கொண்டால், 6 மி.மீ. போல்ட்டு அதில் எட்டிலொரு பங்கான 16-லேயே முறிந்துவிடும். 15 செ.மீ. ஸ்பானரில் 20 கிலோ விசை கொடுத்தாலே 30 நியூட்டன்-மீட்டர் வந்துவிடுகிறதே! சிறிய போல்ட்டுகள் கையோடு வந்துவிடும் மர்மம் இதுதான்.

முறிவதற்கு முன் போல்ட்டு ஓர் எச்சரிக்கை தருகிறது. இளகும் நட்டு ‘டக்’கென்று விடும். முறியப்போகும் போல்ட்டு, ரப்பரைத் திருகுவதுபோல் மெத்தென்று வளைந்து கொடுக்கும். கையில் அந்த உணர்வு வந்தவுடன் நிறுத்துங்கள். எண்ணெய்க்கும் சுத்தியலுக்கும் திரும்புங்கள்.

இரு முனையும் திறந்த ஸ்பானரைவிட, ஆறு பக்கமும் கவ்வும் ரிங் ஸ்பானரோ பாக்ஸ் ஸ்பானரோ நல்லது. நட்டின் முனைகள் மழுங்கா. திருப்பும் திசையையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சைக்கிளின் இடது பெடலிலும், அசெட்டிலீன் உருளையின் இணைப்பிலும் உள்ளவை இடமரைகள். அவற்றை வழக்கமான பக்கம் ‘கழற்றினால்’ இறுகிக்கொண்டே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டுப் பிறகு தூக்குங்கள். டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், வண்டியும் நழுவாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி; தாங்குவதற்கானது அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையோ காலோ நீட்டாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது

‘அடுத்த முறை துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசிப் பூட்டலாமே’ என்று தோன்றும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 100 பங்கில் 90 பங்கு உராய்வுக்குப் போகிறது என்று கண்டோம். எண்ணெயால் உராய்வுக் குணகம் 0.15-இலிருந்து 0.10-ஆகக் குறைந்தால், மிச்சமாகும் திருப்புத்திறன் எங்கே போகும்? போல்ட்டை இழுப்பதில்தான். அதே 100 நியூட்டன்-மீட்டரில் இழுவிசை 4,300 கிலோவிலிருந்து 6,000 கிலோவுக்கும் மேலாக உயரும். போல்ட்டு நிலையாக நீண்டு வலுவிழக்கலாம்.

எனவே, வண்டியின் கையேடு வேறு விதமாகச் சொன்னாலன்றி, சக்கர நட்டுகளைக் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து, எண்ணெயை ஒற்றியெடுத்து, உலர்ந்த நிலையிலேயே பூட்டுங்கள். முதலில் சில சுற்றுகள் கையாலேயே திருகுங்கள். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, கையேடு குறிப்பிடும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சில பத்துக் கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது, குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும், ஒவ்வொரு நட்டையும் இளக்கி மீண்டும் பூட்டினால் துரு குடியேற நேரம் கிடைக்காது.

மறுநாள் காலை குறித்த நேரத்தில் தந்தையாரை அழைத்துச் சென்றேன். அறுவை நன்கு முடிந்தது. அந்த நான்காவது நட்டுக்குப் பதில் புதியது ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டேன். பழையதை எறியவில்லை. சாய்தளம் நடத்தும் நாளில் அதை மேசைமேல் வைத்து, “இதைக் கழற்ற என்ன செய்வீர்கள்?” என்று மாணவர்களைக் கேட்கிறேன். ‘நீண்ட நெம்புகோல்’ என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. நானும் ஒருநாள் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.